சொல் வராத அண்ணனோடு பேசப் பழகியது

பக்கவாதம் வந்த அண்ணன் இரண்டு வாரத்தில் எழுந்து நடந்துவிட்டார். பேச்சுதான் திரும்பவில்லை. முப்பது வருடம் துணி வெட்டியவர். தண்ணீர் வேண்டும் என்றாலும் விளக்கை அணை என்றாலும் அவர் வாயில் வந்தது ஒரே சொல்: "கத்தரி".

இதற்கு அஃபேசியா என்று பெயர். பெரும்பாலும் மூளையின் இடது பக்கம் அடிபடுவதால் வருகிறது. 1861இல் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா பார்த்த நோயாளிக்கும் "டான்" என்ற ஒரே ஓசைதான் மிஞ்சியிருந்தது. வேறு சிலருக்குப் பேச்சு சரளமாகக் கொட்டும், அர்த்தம் மட்டும் பிடிபடாது. அவர்களிடம் சொல்லை விட்டுவிட்டு முகத்தையும் கையையும் பாருங்கள்.

புத்தி எங்கும் போகவில்லை. என் சட்டைக் காலர் கோணலாகத் தைத்திருந்ததை அண்ணன்தான் விரலால் தொட்டுக் காட்டினார். அதனால் கத்திப் பேசாதீர்கள், குழந்தையைக் கொஞ்சுவது போலவும் பேசாதீர்கள். (உறவினர் ஒருவர் அப்படித்தான் பேசினார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.)

டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்காருங்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் திணறுவார். நீலச் சட்டை, வெள்ளைச் சட்டை இரண்டையும் தூக்கிக் காட்டி "எது?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்ற பதிலை உடனே நம்பாதீர்கள். இல்லை என்று சொல்ல நினைக்கும்போதும் வாய் ஆமாம் என்றுவிடும். கட்டைவிரலை உயர்த்தவோ தாழ்த்தவோ சொல்லி உறுதி செய்யுங்கள்.

அப்புறம், காத்திருங்கள். எனக்கு இதுதான் கடினமாக இருந்தது. சொல்லை எடுத்துக் கொடுக்க நாக்கு துடிக்கும். மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். அதற்கும் வரவில்லை என்றால், "நான் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். புரியாததைப் புரிந்தது போல் தலையாட்டினால் கண்டுபிடித்துவிடுவார்.

நோட்டும் பென்சிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆனால் எழுத்தும் கணக்கும்கூடத் தடுமாறும். சில்லறை எண்ணுவது, போனில் பேசுவது எல்லாம் மெதுவாகத்தான் வரும். களைப்பு ஏற ஏறச் சொற்கள் குறையும் என்பதால் முக்கியமானதைக் காலையிலேயே கேட்டுவிடுவோம்.

பேச்சுப் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குங்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். வருடங்கள் கழித்தும் நின்றுவிடுவதில்லை.

எண் கேட்டால் அண்ணனுக்கு வராது, வரிசையாக எண்ண மட்டும் வரும். நேற்று என் கைநீளம் அளந்தார். டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து எண்ணினார். இருபத்து மூன்று வந்ததும் மேஜையைத் தட்டினார். நான் குறித்துக்கொண்டேன்.