சிங்கிள் விடப்போகும் ராக் பேண்டுத் தம்பிகளுக்கு, மூஞ்சிக்கல்லிலிருந்து

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் நான் நடத்துவது பிரவுசிங் சென்டர். ஆதார் திருத்தம், பட்டா நகல், ஹால் டிக்கெட், இதற்குத்தான் கூட்டம். நடுவில் கிதார் பையை மாட்டிக்கொண்டு இரண்டு பேர் வந்து நிற்பார்கள். ஃபைபர் லைன் இருக்கிறது, கரண்ட் போனாலும் யுபிஎஸ் தாங்கும் என்பதால் ஸ்பாட்டிஃபை மாதிரி பாட்டு ஆப்களில் தங்கள் சிங்கிளை, அதாவது தனிப்பாட்டை, ஏற்ற என்னிடம் வருகிறார்கள். என் தம்பியும் ஒரு பேண்டில் பாடுகிறான், அவர்களுக்கும் ஃபாரம் நிரப்புவது நான்தான். வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இன்னைக்கு ஏத்துனா நாளைக்கு வந்துருமா?"

சில சமயம் வந்துவிடும். ஆனால் அப்படி அவசரமாக வருகிற பாட்டைக் கேட்க ஆள் இருக்காது. பாட்டு ரெடியான நாளுக்கும் வெளியாகும் நாளுக்கும் நடுவே நாலு வாரம் விடுங்கள். வேலையெல்லாம் அந்த நாலு வாரத்தில்தான்.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். சீசனில் டிரம்ஸ் வாசிக்கிறவன் டாக்சி ஓட்டுவான், பேஸ் வாசிக்கிறவன் ஹோம்ஸ்டே அடுப்படியில் நிற்பான், ஏழு ரோட்டில் டவர் முழுக்க டூரிஸ்ட் போன்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. நம் வீடுகளில் பாதி தகரக் கூரை, பாடகன் வாய் திறக்கும்முன் மழைச் சத்தம் மைக்கில் ஏறிவிடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ரெக்கார்டிங்குக்குத் தோதான காலம். ஆனால் குளிரைக் கவனியுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த கிதாரை உடனே சுருதி சேர்த்து வாசித்தால், அறைச் சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். முதல் டேக்கும் கடைசி டேக்கும் ஒட்டாது. கிதாரை அறைக்குள் கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிட்டுப் பிறகு ட்யூன் பண்ணுங்கள்.

மிக்ஸிங் முடிந்ததும் ஹெட்போனில் மட்டும் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். செல்போன் ஸ்பீக்கரில் போடுங்கள், பேஸ் கிதார் காணாமல் போகும். பூம்பாறையிலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றி வருகிற பிக்கப்பில் போடுங்கள், அங்கே பேஸ் மட்டும்தான் கேட்கும். இரண்டிலும் பாடகனின் வார்த்தை புரிந்தால் பாட்டு தயார். சத்தத்தை அமுக்கி அமுக்கி ஏற்றுவதில் பிரயோஜனமில்லை. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. நீங்கள் ஏற்றியதை அவன் இறக்கிவிடுவான், டிரம்ஸின் அடி செத்துப்போனதுதான் மிச்சம்.

அடுத்தது யாரும் பேச விரும்பாத விஷயம். வரி எழுதியது யார், மெட்டு யாருடையது, ரெக்கார்டிங்குக்குக் காசு போட்டது யார்? சட்டப்படி இவை தனித்தனி உரிமைகள். வரியும் மெட்டும் எழுதியவர்களுடையவை, ஒலிப்பதிவு அதைத் தயாரித்தவருடையது. 2012இல் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்தியபோது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையை உறுதியாக்கினார்கள். அதை வசூலித்துக் கொடுக்க ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது, உறுப்பினராகச் சேர வேண்டும். ஒரு தாளில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து குரூப்பில் போடுங்கள். பாட்டு ஓடாதவரை யாருக்கும் சண்டை வராது. ஓடினால்தான் வரும், அப்போது தாளில் எழுத யாரும் வரமாட்டார்கள்.

இனி ஏற்றுவது. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றுக்கு நீங்கள் நேரடியாகப் பாட்டு கொடுக்க முடியாது, நடுவில் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பாட்டை வாங்கி எல்லா ஆப்புக்கும் அனுப்பும் கம்பெனி, வேண்டும். டிஸ்ட்ரோகிட் என்ற கம்பெனியில் வருடச் சந்தா. சந்தா நின்றால் பாட்டும் இறங்கிவிடும், இறங்காமல் இருக்கத் தனிக் கட்டணம். சிடி பேபியில் ஒருமுறைக் கட்டணம், ஆனால் வருமானத்தில் பங்கு எடுத்துக்கொள்வார்கள். வருடத்துக்கு நாலு பாட்டு விடுகிறவர்களுக்கு முதல் வகை, எப்போதாவது ஒன்று விடுகிறவர்களுக்கு இரண்டாவது. இதற்கு மேல் ரொம்ப யோசிக்காதீர்கள்.

யோசிக்க வேண்டியது பெயரைத்தான். பேண்டின் பெயரை ஸ்பாட்டிஃபையில் தேடிப் பாருங்கள். அதே பெயரில் பிரேசிலில் ஒருவன் இருந்தால் உங்கள் பாட்டு அவனுடைய ஸ்பாட்டிஃபை பக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே உங்களுக்குப் பக்கம் இருந்தால் அதன் லிங்கை ஃபாரத்தில் கொடுங்கள். பாட்டுத் தலைப்பின் ஆங்கில ஸ்பெல்லிங் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். யூட்யூபில் ஒரு 'ஏ', ஸ்பாட்டிஃபையில் இரண்டு 'ஏ' என்றால் தேடுகிறவன் ஒன்றைத்தான் கண்டுபிடிப்பான். ஐஎஸ்ஆர்சி என்று ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அடையாளமாக 12 எழுத்து எண் ஒன்று தருவார்கள், அதை எழுதி வையுங்கள். பின்னால் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினால் அதே எண்ணோடு ஏற்றுங்கள், இல்லையென்றால் எத்தனை முறை கேட்டார்கள் என்ற பழைய கணக்கு போய்விடும். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த லூப் (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டு) எதையாவது பாட்டில் வைத்திருந்தால், உங்கள் பாட்டை மற்றவர் வீடியோவில் கண்டுபிடித்து உரிமை கோரும் யூட்யூப் கன்டென்ட் ஐடியை டிக் செய்யாதீர்கள். அதே லூப்பை உலகத்தில் நூறு பேர் வைத்திருப்பார்கள், எல்லோரோடும் வழக்குத்தான்.

டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து அமெரிக்க டாக்ஸ் ஃபாரமும் ஒன்று வரும். பான் எண்ணைக் கொடுத்து ஒழுங்காக நிரப்பினால் அமெரிக்காவிலிருந்து வரும் ராயல்டியில் 15 சதவீதம் பிடிப்பார்கள், விட்டுவிட்டால் 30.

கவர் படம் 3000க்கு 3000 பிக்சல், சதுரம். வெப்சைட் முகவரி, இன்ஸ்டா ஐடி, விலை எதுவும் அதில் இருக்கக்கூடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் சொந்த வேண்டுகோள் ஒன்று: பனிமூட்டம் வேண்டாம். தூண் பாறையும் மூடுபனியும் வைத்து வருகிற படத்தை போனில் நகக்கண் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் சாம்பல் கறைதான் தெரிகிறது. தம்பியின் பேண்டுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தை நீல வாசற்படியில் வைத்து எடுத்தோம். தூரத்திலிருந்தே தெரியும்.

பாட்டை ஏற்றியாயிற்று என்றால் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் (கலைஞர்களுக்கென்று ஸ்பாட்டிஃபை வைத்திருக்கும் தளம்) நுழைந்து, பாட்டுப் பட்டியல் போடுகிற பிளேலிஸ்ட்காரர்களுக்கு விண்ணப்பம் போடுங்கள். வெளியாவதற்கு 7 நாள் முன்பாவது போட வேண்டும், வெளியான பிறகு அந்தக் கதவு மூடிவிடும். 500 எழுத்துக்குள் பாட்டைப் பற்றிச் சொல்லச் சொல்வார்கள். 'இது எங்கள் நெடுநாள் கனவு' என்று எழுதுகிறார்கள், படிக்கிறவனுக்கு அதனால் என்ன? தம்பிக்கு நான் எழுதிக்கொடுத்தது இப்படி: "தமிழ் ராக். சீசன் முடிந்த மறுநாள் கொடைக்கானல் டாக்சி டிரைவர் பாடுவதாக வரிகள். இரண்டு கிதார், பேஸ், டிரம்ஸ், கடைசி ஒரு நிமிடம் பறை." கேட்காமலே பாட்டு காதில் விழ வேண்டும்.

கிழமை விஷயத்தில் எனக்கும் தம்பிக்கும் சண்டை. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் பாட்டு வெளியீடு வெள்ளிக்கிழமை என்று வைத்திருக்கிறார்கள், அவனுக்கு அதுதான் வேண்டும். நான் புதன் என்கிறேன். வெள்ளிக்கிழமை பெரிய நடிகர் பாட்டும் வரும், நம் ஊருக்கு டூரிஸ்ட் வண்டிகளும் ஏறும், பேண்டில் ஒருத்தனும் போன் எடுக்கமாட்டான். உங்களைப் பின்தொடர்கிறவர்களுக்கு 'ரிலீஸ் ரேடார்' என்ற ஸ்பாட்டிஃபையின் புதுப்பாட்டுப் பட்டியல் எப்படியும் வெள்ளிக்கிழமைதான் போகும், புதன்கிழமை விட்டாலும் அதில் பாட்டு வரும்.

வெளியான அன்று சொந்தக்காரர்கள் குரூப் எல்லாவற்றிலும் லிங்கைத் தட்டிவிடாதீர்கள். கைதட்டும் பொம்மை வரும், பாட்டைக் கேட்டிருக்கமாட்டார்கள். 30 நொடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீமாகவே கணக்கு. கேட்பார்கள் என்று தெரிந்தவர்களுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள், பெயர் சொல்லி, குரல் பதிவோடு. கொடைக்கானல் பையன்கள் கோவையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்கள். ஊர் ஞாபகம் வருகிறவன்தான் கடைசிவரை கேட்பான்.

வீட்டில் ஒரு தலைமுறைக்கு இதெல்லாம் பாட்டே இல்லை. "100.5ல வருமாடா?" என்று அம்மா கேட்டார். மதுரை, திருச்சி வரை எடுக்கும் கோடை பண்பலையை அடுப்படியில் வைத்து வளர்ந்தவர், அவரைக் குறை சொல்ல முடியாது.

வரவேற்பை அளக்க மொத்த எண்ணைப் பார்க்காதீர்கள். ஸ்பாட்டிஃபையில் எத்தனை பேர் பாட்டைச் சேமித்தார்கள் என்று பாருங்கள், அவன்தான் திரும்ப வருவான். யூட்யூபில், எத்தனை பேர் விடாமல் பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு எந்த இடத்தில் சரிகிறது என்று பாருங்கள். கிதார் முன்னிசை நீளம் என்றால் அங்கேயே தெரியும், அடுத்த பாட்டில் சுருக்குங்கள். நேரில் பார்க்கிறவர்களிடம் "நல்லாருக்கா?" என்று கேட்காதீர்கள். "நல்லாருக்கு தம்பி" என்பார்கள், டீக்குப் பால் சரியா என்று கேட்டாலும் அதே பதில்தான். "எந்த இடம் ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். பெருமாள்மலை ஜீப் ஸ்டாண்டில் ஒருத்தர் தம்பி பாடிய பல்லவியை விட்டுவிட்டு நடுவில் வரும் கிதார் துண்டை "டன் டன டன்னா" என்று வாயால் வாசித்துக் காட்டினார். தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது. நான் அந்தப் பதினைந்து நொடியை வெட்டி ரீல்ஸாக்கினேன், பேண்டின் பக்கத்துக்குப் புது ஆள் வந்தது அதைப் பார்த்துத்தான்.

"பத்தாயிரம் ஸ்ட்ரீம், இவ்வளவு ரூபாய்" என்று மெசேஜ் வரும். அது ஆளில்லா ஸ்ட்ரீம், மனிதர் கேட்காமல் மெஷின் ஓட்டுவது. பிடிபட்டால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடும், அவர்கள் உங்கள் தலையில் கட்டுவார்கள், பாட்டையே இறக்கவும் செய்வார்கள். 2024 முதல் 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவு ராயல்டி கொடுப்பதில்லை. அந்த ஆயிரத்தை உண்மையான ஆட்களை வைத்துத் தாண்டுங்கள்.

பணம் வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் டிஸ்ட்ரிபியூட்டர் அக்கவுண்ட் யாருடைய மெயிலில், யாருடைய போன் நம்பரில் இருக்கிறது என்று பாருங்கள். பேண்டுக்கென்று தனி மெயில் ஒன்று போட்டு, பாஸ்வேர்டை இரண்டு பேராவது வைத்திருங்கள். ஒருத்தன் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய் சிம்மை மாற்றிவிட்டால், மற்றவர்கள் ஓடிபி கேட்டு என் கடையில்தான் வந்து உட்காருவார்கள்.