முதல் வேலை தேடும் ஆப்டோமெட்ரிஸ்ட்டுக்கு: நேர்காணலில் எதைப் பார்க்கிறார்கள்?

ஆப்டோமெட்ரி (கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடிப் பவர் பார்க்கும் படிப்பு) முடித்ததும் நான் போன முதல் நேர்காணலில் வேலை கிடைக்கவில்லை. கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். ஒருவரை உட்காரவைத்துப் பவர் பார்க்கச் சொன்னபோதுதான் கோட்டைவிட்டேன். இப்போது புதியவர்களைத் தேர்வு செய்யும் பக்கம் உட்காருகிறேன். அங்கிருந்து தெரிவதை எழுதுகிறேன். பட்டம், பதிவுச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ரெசியூம்

"கடின உழைப்பாளி" என்ற வரியை எடுத்துவிடுங்கள். பயிற்சிக் காலத்தில் எந்தப் பிரிவில் எத்தனை மாதம் இருந்தீர்கள், காண்டாக்ட் லென்ஸ் தனியாகப் பொருத்தியிருக்கிறீர்களா, கோல்ட்மேன் டோனோமீட்டரில் கண் அழுத்தம் எடுக்கக் கை பழகியிருக்கிறதா என்று எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.

படி 2: செய்முறைத் தேர்வு

என்னைக் கவிழ்த்த இடம் இது. ரெட்டினோஸ்கோப்பில் (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவரைக் கணிக்கும் கைக்கருவி) நிழலை நியூட்ரல் செய்துவிட்டு, அதாவது லென்ஸ் மாற்றி நிழல் நகராமல் நிறுத்திவிட்டு, பழக்கப்படி 1.50 டயாப்டர் (பவரின் அலகு) கழித்தேன். அது அவர் கண்ணிலிருந்து 67 செ.மீ. தூரத்தில் இருந்து பார்ப்பதற்கான கணக்கு. பதற்றத்தில் நான் 50 செ.மீ. வரை நெருங்கிப் போயிருந்தேன்; அங்கே கழிக்க வேண்டியது 2.00. பிளஸ் 0.50 கூடுதலாக நின்றுவிட்டது. கடைசி வரி மங்கல் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் சிலிண்டரையும் (ஒரு திசையில் மட்டும் சேரும் பவர்) ஆக்சிஸையும் (அதன் கோணம்) மாற்றிக்கொண்டே இருந்தேன். ஸ்பியரில் (எல்லாத் திசையிலும் ஒரே அளவான பவர்) 0.25 வீதம் இரண்டு முறை பிளஸைக் குறைத்திருந்தால் தெளிந்திருக்கும்.

அப்புறம் ரெட்டினோஸ்கோப் கைப்பிடியில் 67 செ.மீ. நூல் கட்டி, மறுமுனையை நண்பரின் கன்னத்தருகே பிடிக்கச் சொல்லி இரண்டு வாரம் பழகினேன். உங்களுக்கு 50 செ.மீ. வசதி என்றால் அதுவே சரி; தூரம் மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வு செய்பவர் கடைசி எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. பழைய கண்ணாடியை லென்சோமீட்டரில் (லென்ஸின் பவரை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தீர்களா, கிராஸ் சிலிண்டரில் (சிலிண்டரைச் சரிபார்க்கும் லென்ஸ்) முதலில் ஆக்சிஸ், பிறகு பவர் என்று போகிறீர்களா, இரண்டு கண்ணையும் சமன்செய்கிறீர்களா, எங்கே நிறுத்துகிறீர்கள் என்று கவனிக்கிறார்.

எதில் பார்ப்பது என்று உங்களிடமே விட்டால், ஃபோராப்டரை (முகத்தை மறைக்கும் பெரிய லென்ஸ் கருவி) விட்டுவிட்டு ட்ரையல் ஃபிரேமை (லென்ஸ் மாற்றிப் போடும் சோதனைக் கண்ணாடி) எடுங்கள். எதிரே இருப்பவரின் முகம் தெரியும். தலையைச் சாய்ப்பதும் கண்ணைச் சுருக்குவதும் தப்பாது. ஆட்டோ ரிஃப்ராக்டர் (பவரைத் தானே அளக்கும் இயந்திரம்) தரும் சீட்டு தொடக்கத்துக்கு மட்டும். குழந்தைகளிடம் அது மைனஸைக் கூட்டிக் காட்டும் வழக்கம் உண்டு. அதை அப்படியே எழுதிக் கொடுப்பவரை நான் எடுப்பதில்லை.

படி 3: பேசிக்கொண்டே செய்யுங்கள்

லென்ஸை மாற்றி மாற்றிக் காட்டி "ஒன்றா, இரண்டா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எதிரே இருப்பவருக்குப் பரீட்சை எழுதுவது போல இருக்கும். "இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அதையும் சொல்லுங்கள், தப்பான பதில் எதுவும் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். அவர் தோள் தளர்வது உங்களுக்கே தெரியும். பதில்களும் நிதானமாக வரும்.

படி 4: யாரை, எப்போது அனுப்புவது

நான் தவறாமல் கேட்கும் கேள்வி: "திடீரென மின்னல் போல வெளிச்சம், நிறையக் கறுப்புப் புள்ளிகள். பார்வை 6/6. என்ன செய்வீர்கள்?" பார்வை 6/6, அதாவது முழுத் தெளிவாக, இருந்தாலும் விழித்திரை கிழிந்திருக்கலாம். அன்றைக்கே கண்மணியை விரித்துப் பார்க்கக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். "அடுத்த வாரம் வரச்சொல்வேன்" என்றால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் எனக்குத் தயக்கம் வந்துவிடும். "உறுதியாகத் தெரியவில்லை, இப்போதே மூத்தவரைக் கேட்பேன்" என்பவரை நம்பி எடுப்பேன்.

பிற்சேர்க்கை

கண்ணாடிக் கடை வேலைக்கும் இதேதானா என்று இதைப் படித்தவர்கள் சிலர் கேட்டார்கள். பெரும்பாலும் இதேதான். கூடவே, "புதுக் கண்ணாடி போட்டால் தலை சுற்றுகிறது" என்று ஒருவர் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். உடனே மறுபடி பவர் பார்ப்பேன் என்று சொல்லாதீர்கள். தூரம் பார்க்கும்போதா, படிக்கும்போதா, படி இறங்கும்போதா என்று முதலில் கேளுங்கள். லென்ஸில் இருக்கும் பவர் எழுதிக் கொடுத்ததுதானா, லென்ஸ் மையம் கண்மணிக்கு நேராக இருக்கிறதா, புரொகிரசிவ் (தூரத்திலிருந்து கிட்டம்வரை கோடில்லாமல் பவர் மாறும் லென்ஸ்) என்றால் பொருத்திய உயரம் சரியா, பழைய கண்ணாடியிலிருந்து சிலிண்டர் எவ்வளவு மாறியிருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். இத்தனையும் சரி என்றால்தான் மறுபடி பவர் பார்க்க வேண்டும்.