கம்பி மூடி பாட்டிலை மறுபடி நிரப்புவதற்கு முன்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு அலமாரியில் பன்னிரண்டு கம்பி மூடி பாட்டில்கள் இருக்கின்றன. கழுத்தில் கம்பி, பீங்கான் மூடி, அதில் ஒரு ரப்பர் வாஷர். கட்டைவிரலால் தள்ளினால் ‘டப்’ என்று திறக்கும் ரகம். 1875-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் விரும்பித் தேடுவது இந்த பாட்டிலைத்தான். நான் நிரப்புவது இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துப் புளிக்க வைத்த பானம். எதை நிரப்பினாலும் பாட்டிலைத் தயார் செய்யும் முறை ஒன்றுதான்.

முதலில் பாட்டிலைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும். கோலி சோடா பாட்டில் ஏன் அத்தனை கனமாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதனால் தடித்த கண்ணாடி, உருண்டை வடிவம் இரண்டும் வேண்டும். எண்ணெய் ஊற்றி வைக்க விற்கும் மெல்லிய சதுர பாட்டில் வேண்டவே வேண்டாம், வெடிக்கும். வாய் விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டுங்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னக் கீறல், சில்லு எது தெரிந்தாலும் அந்த பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து கழுவுவது. குடித்து முடித்த உடனே மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டினால் பாதி வேலை முடிந்தது. அடியில் காய்ந்துவிட்டதா? ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கலந்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பாட்டில் பிரஷ்ஷால் தேயுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் கலக்காதீர்கள், சோடா அதை அரிக்கும். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும். அதற்கு வினிகர் போதும்.

இப்போது வாஷர். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். நானும் ஒரு வருடம் அதைக் கழற்றாமலே கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு முறை நான்கு பாட்டில் பானமும் புளித்த மோர் வாடை அடித்தது. வாஷரை உரித்துப் பார்த்தால் அடியில் கருப்பாக வழவழவென்று ஒரு வளையம். கண்ணாடியை எவ்வளவு தேய்த்தும் என்ன பயன்! வாஷரை ஒவ்வொரு முறையும் கழற்றி, இரண்டு பக்கமும் தேய்த்து, மூடியில் அது உட்காரும் பள்ளத்தையும் பழைய பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். இழுத்தால் வெடிப்பு தெரிகிறதா, தட்டையாகிவிட்டதா? புதிது மாற்றுங்கள். சந்தேகம் இருந்தால் கடைச் சோடாவை ஊற்றி மூடி, இரண்டு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். நுரை பொங்கினால் வாஷர் நன்றாக இருக்கிறது.

கழுவியதும் கிருமி போய்விடாது, அது தனி வேலை. அழுக்கு மிச்சமிருந்தால் இந்த வேலையும் பலிக்காது, அதனால்தான் இந்த வரிசை. எனக்குப் பிடித்தது ஆவி. பாட்டில் நிற்கிற உயரமுள்ள அண்டாவில் இரண்டு அங்குலம் தண்ணீர், அதன்மேல் இட்லித் தட்டு, அதில் பாட்டில்களைக் கவிழ்த்து வையுங்கள். பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடியைச் சூட்டில் வைத்தால் விரிசல் விடும். ஆவி வந்ததிலிருந்து 15 நிமிடம். பெங்களூரு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்; இந்த வேலைக்கு அந்தச் சூடு தாராளம். வாஷர்களைத் தனியாக ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள்.

அவசரமென்றால் ஸ்டார் சான் போன்ற, கிருமி கொல்லும் அமிலக் கரைசல் இருக்கிறது: லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை மில்லி, இரண்டு நிமிடம் உள்ளே படும்படி சுழற்றிக் கொட்டினால் போதும், அலச வேண்டாம். பிளீச்சிங் திரவம் எனக்குச் சம்மதமில்லை. சரியாக அலசாவிட்டால் மருந்து வாடை வரும், வினிகரோடு கலந்தால் விஷவாயு கிளம்பும்.

அப்புறம் துணியால் துடைக்காதீர்கள், துணியிலிருக்கும் கிருமி திரும்ப ஏறிவிடும். கவிழ்த்தபடியே ஆறவிட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வாஷரை மாட்டி, அன்றே நிரப்புங்கள். மேலே மூன்று சென்டிமீட்டர் இடம் விடுங்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் அதே பானத்தை நிரப்பி வையுங்கள். அந்த பிளாஸ்டிக் பாட்டில் அழுத்தினால் அமுங்காமல் கல் மாதிரி இறுகியதும் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். ஏப்ரல் வெயிலில் இதற்கு இரண்டு நாள்கூட ஆகாது.

காலி பாட்டிலை எடுத்து வைக்கும்போது மூடியைப் பூட்டாதீர்கள். வாஷர் நசுங்காமல் இருக்கும், உள்ளே ஈர வாடையும் தங்காது.