பழைய மஸில் காருக்குப் புது சஸ்பென்ஷன்: மாட்டும்போது செய்யக் கூடாதவை

போன ஆகஸ்டில், பழைய கார்களெல்லாம் ஊர்வலம் போகிற வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்கு ஒரு வாரம் இருந்தபோது டெட்ராய்ட் பக்கத்து நண்பர் கூப்பிட்டார். “அண்ணே, ஒரு தடவை வந்து ஓட்டிப் பாருங்க. மாத்துறதுக்கு முன்னாடி இருந்ததே தேவலாம் போல இருக்கு.”

அவருடையது 1969 செவர்லே செவெல். அடியில் படுத்துப் பார்த்தால் எல்லாம் பளபள. சிவப்புப் பூச்சு அடித்த குழாய் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கை), விலையான ஷாக், வண்டி சாய்வதைக் குறைக்க முன்னும் பின்னும் தடித்த ஆன்ட்டி ரோல் பார், பின்னால் எல்லா மூட்டிலும் பாலியூரித்தேன் புஷ். எடுத்து ஓட்டினால், ரோடு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே வண்டியும் மேய்கிறது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டீயரிங் தானாக ஒரு வெட்டு வெட்டுகிறது. வளைவில் பின்பக்கம் எப்போது பிய்த்துக்கொண்டு போகும் என்று சொல்ல முடியவில்லை.

வாங்கிய சாமான்களில் ஒன்றுகூட மட்டமில்லை. ஆனால் ஆர்ம் ஒரு கம்பெனி, ஸ்பிரிங் இன்னொரு கம்பெனி, சக்கரம் மாட்டுகிற ஸ்பின்டில் பழைய கார் உடைக்கும் யார்டு. தள்ளுபடி வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்தது. வினை அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. கீழே சொல்பவற்றில் பாதி, ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிற தவறுகள்.

அந்த வண்டி எதற்குச் செய்யப்பட்டது

1964-இல் பான்டியாக் ஜிடிஓ வந்தபோது சூத்திரம் எளிமையானது: நடுத்தரக் காருக்குள் பெரிய வி8. நேராகப் பறந்தால் போதும், வளைவெல்லாம் அப்புறம். செவெல், ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபில் 442 எல்லாம் ஜெனரல் மோட்டார்ஸின் ஏ-பாடி என்ற ஒரே அடித்தளம். முன்னால் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு ஆர்ம், இடையில் காயில் ஸ்பிரிங். பின்னால் ஒரே ஆக்சில், அதைப் பிடித்திருக்க நான்கு ஆர்ம். அந்தக் கால மஸ்டாங்கில் முன் ஸ்பிரிங் மேல் ஆர்மின் தலையில் உட்கார்ந்திருக்கும். கிரைஸ்லர் வண்டிகளில் முன்னால் காயில் ஸ்பிரிங்கே கிடையாது, டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பிதான். பின்னால் நம்ம ஊர் அம்பாசடர் மாதிரி பட்டை ஸ்பிரிங்.

இவை பெரும்பாலும் அந்தக் காலத்துப் பயாஸ் பிளை டயரை மனதில் வைத்துக் கணக்குப் போட்டவை. இன்றைய ரேடியல் டயர் ரோட்டைப் பிடிக்கிற பிடியில், பழைய கணக்கின் ஓட்டைகள் எல்லாம் வெளியே வந்துவிடும். புது சஸ்பென்ஷன் போடுவதே அந்த ஓட்டைகளை அடைக்கத்தான். எது ஓட்டை என்று தெரியாமல் போட்டால் அது பெயின்ட் வேலையோடு சேர்த்தி.

பாகம் பாகமாக வாங்குவது

ஏ-பாடியின் பெரிய ஓட்டை குட்டையான ஸ்பின்டில். அதனால் மேல் ஆர்மின் வெளி நுனி, உள் நுனியைவிடத் தாழ்ந்து நிற்கும். சக்கரம் மேலே ஏறும்போது அந்த நுனி மேலே மட்டும் போகாது, வெளியேயும் தள்ளும். வளைவில் வண்டி சாயும்போது பாரம் எந்தச் சக்கரத்தின் மேல் விழுகிறதோ, அதே சக்கரத்தின் தலை வெளியே சாய்கிறது. டயர் தன் முழு அகலத்தில் நிற்க வேண்டிய நேரத்தில் விளிம்பில் நிற்கிறது. பழைய செவெல்களின் முன் டயரில் வெளி ஓரம் முதலில் மொட்டையாவது இதனால்தான்.

மருந்து, வெளி நுனியை உயர்த்துவது. உயரமான ஸ்பின்டில் போடலாம், அல்லது ஆர்மையும் ஸ்பின்டிலையும் இணைக்கிற பால் ஜாயின்டை அரை அங்குலம் உயரம் கூடியதாகப் போடலாம். நுனி உயர்ந்தால் அது வெளியேயும் நகரும். எனவே மேல் ஆர்ம் அதற்கேற்ப குட்டையாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஜோடி. பழைய ஆர்மில் உயர பால் ஜாயின்டை மட்டும் அடித்தால், கேம்பரை, அதாவது சக்கரத் தலையின் சாய்வை, உள்ளே கொண்டுவர ஷிம் என்ற மெல்லிய தகட்டை அடுக்கி அடுக்கி போல்ட்டில் மரை தீர்ந்துபோகும். குழாய் ஆர்ம் மட்டும் வாங்கி, உயரம் கூடாத பழைய அளவு பால் ஜாயின்டோடு போட்டால், சக்கரம் ஏறும்போது கேம்பர் மாறுகிற விதம் பழையபடியேதான். சிவப்புப் பூச்சுக்குத்தான் காசு.

நண்பர் செய்தது மூன்றாவது வகை, ரொம்பப் பிரபலமான வகை. 1977 முதல் வந்த செவர்லே இம்பாலா, கப்ரீஸ் கார்களின் ஸ்பின்டில் உயரமானது, யார்டில் மலிவாகக் கிடைக்கும், செவெலில் உட்காரவும் செய்யும். பெரிய டிஸ்க் பிரேக்கும் கூடவே வரும். கேட்க இனிக்கும். ஆனால் ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற டை ராட் போய்ச் சேருகிற இடம் மாறிவிடுகிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது ஆர்ம்கள் ஒரு வட்டத்தில் போகும், டை ராட் வேறொரு வட்டத்தில் போகும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். பம்ப் ஸ்டீயர் என்பது இதுதான். பள்ளத்தில் விழுந்தவுடன் வண்டி வெட்டியதன் ரகசியமும் இதுதான்.

முன்பக்கத்துக்கு ஆர்ம், பால் ஜாயின்ட், ஸ்பின்டில், டை ராட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒன்றோடொன்று சேரும் என்று சொல்லி விற்கிறவரிடமே வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஸ்பிரிங் எண்ணைப் பார்த்து ஏமாறுவது

பெட்டியில் 600 என்று போட்டிருந்தால், ஒரு அங்குலம் அமுக்க 600 பவுண்டு வேண்டும் என்று பொருள். ஆனால் முன் ஸ்பிரிங் சக்கரத்தில் இல்லை, ஆர்மின் நடுவில் இருக்கிறது. ஏற்றம் இறைக்கிற கதைதான், நெம்புகோல் கணக்கு. சக்கரம் ஒரு அங்குலம் ஏறும்போது ஸ்பிரிங் அரை அங்குலம் அமுங்கினால், 600-ஐ அந்த அரையால் இரண்டு தரம் பெருக்க வேண்டும். 600 சக்கரத்துக்கு வரும்போது 150. பின்னால் ஸ்பிரிங் ஆக்சில் மேலேயே உட்காருவதால் எண் சின்னதாகவே இருக்கும். “பின்னாடி ரொம்ப லேசா இருக்கே” என்று அதை ஏற்றி வாங்குகிறவர்கள் உண்டு. வண்டி முதுகை ஒடித்துவிடும்.

அடுத்தது எஞ்சின் எடை. செவர்லேயின் பெரிய வி8-ஆன இரும்பு பிக் பிளாக்குக்கும் சின்னதான ஸ்மால் பிளாக்குக்கும் சுமார் நூறு பவுண்டு வித்தியாசம். அதை எடுத்துவிட்டு ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால அலுமினிய எல்எஸ் எஞ்சின் இறக்கியிருந்தால் இன்னும் குறையும். ஆர்டர் போடும்போது “1969 செவெல், 396” என்று பழைய பிக் பிளாக்கின் பேரையே சொல்லி வாங்கினால், மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கும். உடனே ஒருவர் கேஸ் கட்டரோடு வருவார், ஒரு சுற்று வெட்டலாம் என்று. வேண்டாம். அந்தச் சூட்டில் ஸ்பிரிங்கின் பதம் போய்விடும்.

உயரம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தால் முதலில் கீழ் ஆர்மின் ஸ்பிரிங் குழியைப் பாருங்கள். ஏ-பாடியில் அங்கே இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். ஸ்பிரிங் முடிகிற நுனி ஒரு ஓட்டையை மூட வேண்டும். இன்னொன்று பாதியாவது திறந்திருக்க வேண்டும். விரலை விட்டுத் தடவினாலே தெரியும். பல பேர் இதைப் பார்க்காமல் “ஸ்பிரிங் டிஃபெக்ட்” என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

இந்த ஸ்பிரிங்கைக் கழற்றுகிற வேலை விளையாட்டில்லை. கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுக்காமல் பால் ஜாயின்டைத் தட்டினால், அமுங்கியிருந்த ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும். கம்ப்ரஸர் மாட்டினாலும், ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு ஒரு சங்கிலியால் கட்டிவிட்டுத்தான் நான் கை வைப்பேன்.

பின்பக்கத்தைக் கல்லாக்குவது

பாலியூரித்தேன் புஷ் கெட்டியானது, எனவே நல்லது என்று ஒரு நம்பிக்கை. ஏ-பாடியின் பின் மேல் ஆர்ம்கள் மேலிருந்து பார்த்தால் சாய்வாகப் போகும். வண்டி ஒரு பக்கம் சாயும்போது அந்த ஆர்ம்கள் முறுக வேண்டும். முறுகுவதற்கு இடம் கொடுப்பது ரப்பர்தான். இரண்டு முனையிலும் பாலியூரித்தேன் போட்டால் முறுக இடமில்லை. ஆக்சில் ஒரு அளவுக்கு மேல் மாட்டிக்கொள்கிறது, ஸ்பிரிங் ரேட் திடீரென்று பல மடங்கு ஏறிய மாதிரி ஆகிறது, பின் டயர் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுகிறது. மேல் ஆர்மின் ஆக்சில் பக்க முனையில் ரப்பரையே விடுங்கள், அல்லது எல்லாப் பக்கமும் திரும்புகிற உருண்டை மூட்டு போடுங்கள்.

இதற்கு மேல் தடித்த பின் ஆன்ட்டி ரோல் பார் வேறு. அது கீழ் ஆர்மில்தான் போல்ட் ஆகிறது. சாதாரண செவெலின் கீழ் ஆர்ம் அடிப்பக்கம் திறந்த தகரத் தொட்டி மாதிரி. அதில் போல்ட்டை முறுக்கினால் ஆர்ம் நசுங்கும். தொழிற்சாலையிலேயே பின் பார் போட்டு வந்த வண்டிகளுக்கு மூடிப் பற்றவைத்த ஆர்ம் கொடுத்தார்கள், சும்மா இல்லை.

ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் வைத்த காயில்ஓவர் ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செவெலின் பின் ஷாக் மாட்டுகிற இடம் ஷாக்கின் இழுப்பைத் தாங்கச் செய்தது, வண்டியைத் தூக்கி நிறுத்த அல்ல. பாரம் முழுக்க ஆக்சில் மேலிருக்கும் ஸ்பிரிங் வழியாகச் சட்டத்துக்குப் போகும். காயில்ஓவர் போட்டவுடன் அந்தப் பாரம் ஷாக் போல்ட்டுக்கு வந்துவிடுகிறது. டார்ஷன் பார் கிரைஸ்லரின் முன்பக்கமும் இதே கதை. கூடவே முட்டுச் சட்டம் வைத்துப் பற்றவைக்காத கிட்டை நான் தொட மாட்டேன்.

அந்தரத்தில் முறுக்குவது

இது என் சொந்த முட்டாள்தனம். என் மஸ்டாங்கின் கீழ் ஆர்ம்களை மாற்றியபோது வண்டி ஜாக் ஸ்டாண்டில் இருந்தது, சக்கரங்கள் தொங்கின. டார்க் ரெஞ்சை வைத்து, கையேடு சொன்ன அளவுக்குச் சுத்தமாக முறுக்கினேன். ஒரு வருஷம் கழித்துக் கடக் கடக் என்று சத்தம். கழற்றிப் பார்த்தால், ரப்பர் உள் குழாயோடு ஒட்டியிருந்த இடத்தில் அரை வட்டத்துக்குக் கிழிந்து நார் நாராகத் தொங்குகிறது.

ரப்பர் புஷ் சுழல்வதில்லை. உள் குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும், வெளிக் குழாய் ஆர்மோடு அசையும், நடுவிலிருக்கும் ரப்பர் முறுகிக் கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கிய நொடியிலிருந்தே ரப்பர் முறுகிய நிலையில்தான் நிற்கிறது. வண்டி கொஞ்சம் உயரமாகவும் நிற்கும், அது வேறு குழப்பம். போல்ட்டை விரல் இறுக்கத்தில் விட்டு, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் பலகை அடுக்கி வண்டியை அதன் சொந்த பாரத்தில் நிறுத்தி, இரண்டு தரம் அமுக்கிவிட்டு, அதன் பிறகு முறுக்குங்கள். முதுகு வலிக்கும். வேறு வழியில்லை.

பால் ஜாயின்ட் நட்டில் ஸ்பிலிட் பின் ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. நைலான் வைத்த நட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். சில்லறைக் காசு சமாச்சாரம்.

பச்சை விளக்கை நம்புவது

நண்பர் வேலையை முடித்து ஒரு கடையில் வீல் அலைன்மென்ட் செய்திருந்தார். கையில் கொடுத்த தாளில் எல்லா எண்ணும் பச்சை. கம்ப்யூட்டரில் “1969 செவெல்” என்று தட்டியிருக்கிறார்கள். அது 1969-இன் எண்களை எடுத்துக் கொடுத்திருக்கிறது. காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு; மேல் நுனி பின்னால் சாய்ந்தால் பாசிட்டிவ்) பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, கேம்பர் கொஞ்சம் பாசிட்டிவ், அதாவது சக்கரத் தலை வெளியே. பயாஸ் பிளை டயருக்கும், லேசாகத் திரும்பும் ஸ்டீயரிங்குக்கும் சரியான எண்கள். ரேடியல் டயர் போட்ட வண்டி அதில் மேயத்தான் செய்யும்.

பவர் ஸ்டீயரிங் உள்ள தெரு வண்டிக்கு, ஆர்ம் இடம் கொடுத்தால், காஸ்டர் 4 முதல் 5 டிகிரி பாசிட்டிவ், கேம்பர் அரை டிகிரி நெகட்டிவ், மொத்த டோ-இன் (முன் சக்கரங்களின் மூக்கு உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1/16 முதல் 1/8 அங்குலம் என்று நான் ஆரம்பிப்பேன். கிட் விற்றவர் எண் கொடுத்திருந்தால் அதுதான் முதல். தாளில் எழுதி அலைன்மென்ட் ஆளின் கையில் கொடுங்கள். சிவப்பு எரிந்தாலும் பரவாயில்லை என்று வாயாலும் சொல்லுங்கள். புது ஸ்பிரிங் சில நூறு மைலில் கொஞ்சம் அமர்ந்துவிடும், அதற்குப் பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. மிச்சிகன், ஒஹாயோ மாதிரி குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுகிற ஊர் வண்டி என்றால், எதையும் வாங்குமுன் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டங் என்றால் சரி, டொப் என்றால் பணத்தை வெல்டருக்கு வையுங்கள். ஸ்டீயரிங் பாக்ஸில் ஆட்டம் இருந்தால் எந்த ஆர்மும் அதை மறைக்காது. பல வண்டிகளில் இன்னும் நான்கு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம் பிரேக். 1967-க்கு முந்தையதில் மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றை அறைதான், ஒரு குழாய் வெடித்தால் மொத்த பிரேக்கும் போச்சு. வளைவில் வேகம் கூடப்போகிற வண்டிக்கு அது முதல் செலவாக இருக்க வேண்டும்.

நண்பர் அந்த வருஷ க்ரூஸுக்குச் செவெலில் வரவில்லை, மடக்கு நாற்காலியோடு வந்தார். குளிர்காலத்தில் முன்பக்கம் முழுவதையும் ஒரே கிட்டாக வாங்கி, பின் மேல் புஷ்களை ரப்பருக்கு மாற்றி, மே மாதம் எண் எழுதிய தாளோடு வேறு கடைக்குப் போனோம். இப்போது நெடுஞ்சாலையில் ஒரு கையால் ஓட்டுகிறார். யார்டில் வாங்கிய இம்பாலா ஸ்பின்டில் இரண்டும் இன்னும் கராஜில்தான் இருக்கின்றன. ஒன்று, காற்றில் கதவு அடிக்காமல் முட்டுக் கொடுக்கிறது.