ரத்தம் வந்ததும் தேய்ப்பதை நிறுத்தலாமா? ஈறு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

பல் தேய்த்துவிட்டுத் துப்பும்போது நுரை இளஞ்சிவப்பாக இருக்கிறது. நாக்கால் துழாவிப் பார்த்தால் எங்கும் வலி இல்லை. சரி, பிரஷ் குத்தியிருக்கும் என்று குழாயைத் திறந்துவிடுகிறோம். மறுநாள் அந்த இடம் வரும்போது கை தானாகவே லேசாகி, தொட்டும் தொடாமலும் தாண்டிப் போகிறது. கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில் நானும் பல மாதம் இதைத்தான் செய்தேன். புண்ணாகியிருக்கிறது, கொஞ்சம் ஓய்வு கொடுப்போம் என்று நினைப்பு.

ஈறு விஷயத்தில் நடக்கும் தவறுகளில் மூத்தது இது. ஈறில் ரத்தம் கசிவது பெரும்பாலும் பிரஷ் பட்டதால் அல்ல, சரியாகப் படாததால்.

தேய்த்த சில மணி நேரத்திலேயே பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் பாக்டீரியாக்கள் ஒட்டத் தொடங்கிவிடும். காலையில் எழுந்ததும் நாக்கு நுனியால் பல்லின் அடியை வருடினால் ஒரு கொழகொழப்பு தெரியுமே, அந்தப் படலத்தைத்தான் பிளேக் என்கிறார்கள். அதை அகற்றாவிட்டால் உடம்பு எதிர்ப்பைக் காட்டும். அங்கே ரத்த ஓட்டம் கூடும், ஈறு சிவந்து உப்பும், லேசாகப் பட்டாலே கசியும். கசிகிறதே என்று பயந்து ஒதுக்கினால் படலம் தடிக்கும், வீக்கமும் கூடும்.

டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஓர் ஆய்வு 1965-இல் வெளியானது. ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்க்கவே வேண்டாம் என்று சொல்லிக் கவனித்தார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி ஒழுங்காகத் தேய்க்க ஆரம்பித்ததும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. மருந்து, மாத்திரை எதுவும் இல்லை. பிளேக் போனது, வீக்கமும் போனது.

ஆகவே கசியும் இடத்தைத்தான் மென்மையான பிரஷை வைத்துப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். முதல் சில நாள் ரத்தம் இன்னும் கொஞ்சம் வரலாம், அப்புறம் குறைந்துவிடும். இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பிளேக் இறுகிக் கல்லாகி, பிரஷுக்கு அசையாத காரையாகக் கட்டியிருக்கலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளாலும், அரிதாக ரத்தப் புற்றுநோய் போன்ற நோய்களாலும்கூட ஈறு கசியும்.

வலித்தால் போகலாம் என்பது

சொத்தைப் பல் ஆழமானால் நரம்பைத் தொடும், ராத்திரி தூங்க விடாது. ஈறு நோய் அப்படியல்ல. ஈறு மட்டும் வீங்கியிருக்கும் முதல் கட்டத்தில் முழுதாகக் குணமாக்கிவிடலாம். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு வீக்கம் கீழே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் தாடை எலும்பையும் அரிக்கத் தொடங்கும். இதெல்லாம் பெரும்பாலும் வலியில்லாமலே நடக்கும். இழந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. அதன் பிறகு மருத்துவர் செய்யும் சிகிச்சை பெரும்பாலும் இருப்பதைக் காப்பாற்றுவதற்குத்தான். உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடுமையான ஈறு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை மதிப்பிடுகிறது. அவர்களில் எத்தனையோ பேர் பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் மருத்துவரிடம் போயிருப்பார்கள்.

வலிக்காவிட்டாலும் வேறு அடையாளங்கள் உண்டு. பல் முன்பைவிட நீளமாகத் தெரியும். உண்மையில் ஈறு கீழிறங்கியிருக்கும். புதிதாக ஒரு சந்தில் உணவு சிக்கும். எவ்வளவு தேய்த்தாலும் வாய் நாற்றம் போகாது. முன்பற்களுக்கு நடுவில் இல்லாத இடைவெளி வரும்.

புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவு என்ற எச்சரிக்கையும் மங்கிவிடுகிறது. புகை ஈறின் ரத்த நாளங்களைச் சுருக்குவதால் நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் வராது. 'எனக்கு ரத்தமே வராது, ஈறு நல்லாத்தான் இருக்கு' என்று சொல்பவர் ஒருநாளில் பல சிகரெட் பிடிப்பவர் என்றால், அவர்தான் முதலில் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

பாத்திரம் துலக்குவதுபோல் தேய்ப்பது

அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தமாகும் என்பது இன்னொரு நம்பிக்கை. பிளேக் மென்மையானது, அதை எடுக்கப் பலம் வேண்டாம். காரை கல் மாதிரி, அது எவ்வளவு பலத்துக்கும் வராது. நடுவில் அடிபடுவது ஈறும் பல்லின் வேரும்தான். உங்கள் பிரஷைப் பாருங்கள். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாமல் தூரிகை முடிகள் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தால் அழுத்தம் அதிகம். பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்தால் பலம் தானாகக் குறையும். முடிகளை ஈறின் ஓரத்தை நோக்கி ஏறக்குறைய 45 டிகிரி சாய்த்து, இடத்தை விட்டு நகராமல் சின்னச் சின்னதாக அசைத்து, பிறகு அடுத்த பல்லுக்குப் போக வேண்டும். காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துத் தேய்த்தால் அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது புரியும்.

அவ்வளவு நன்றாகத் தேய்த்தாலும் இரண்டு பற்களுக்கு இடையே பிரஷ் நுழையாது. ஈறு நோய் பலருக்கு அங்கிருந்துதான் கிளம்புகிறது. நெருக்கமான பற்களுக்கு ஃப்ளாஸ் என்ற மெல்லிய நூல், இடைவெளி இருந்தால் இடைப்பல் பிரஷ். ஃப்ளாஸை ரம்பம்போல் இழுத்து ஈறில் இறக்கிவிடக் கூடாது. பல்லைச் சுற்றி அரைவட்டமாக வளைத்து மேலும் கீழுமாக உரச வேண்டும். இடைப்பல் பிரஷை எந்த அளவில் வாங்குவது என்பதை ஒருமுறை மருத்துவரிடமே காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. சிறியது சுத்தம் செய்யாது, பெரியது குத்தும்.

மவுத்வாஷை நம்பி இதையெல்லாம் தவிர்ப்பவர்களும் உண்டு. ஒட்டிக்கொண்டிருக்கும் படலத்தைக் கொப்பளித்துக் கழுவிவிட முடியாது. குளோரெக்ஸிடின் உள்ள மவுத்வாஷ் நல்ல மருந்துதான், ஆனால் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும். மாதக்கணக்கில் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கின் சுவையும் மாறும்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடுமா?

ஸ்கேலிங் என்பது பல் மருத்துவர் கருவியால் காரையை எடுப்பது. அதனால் பல் ஆடும் என்பது எத்தனை முறை சொன்னாலும் சாகாத வதந்தி. பிளேக் அப்படியே கிடந்தால் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து காரையாக இறுகும். கீழ் முன்பற்களின் உட்புறம் எச்சில் சுரக்கும் வாய்கள் இருப்பதால் அங்கே சீக்கிரம் கட்டும். பல நாள் கட்டிய காரை பற்களுக்கு நடுவில் சிமெண்ட் பூசியதுபோல் நிரம்பி, ஆடும் பற்களைச் சேர்த்துப் பிடித்துவைக்கும். உள்ளே எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும். ஸ்கேலிங்கில் காரை போனதும் சந்து தெரிகிறது, ஆட்டம் தெரிகிறது, வீங்கிய ஈறு வற்றி வேரும் கொஞ்சம் வெளியே தெரிகிறது. பழி மட்டும் ஸ்கேலிங்குக்கு. சில நாள் குளிர்ந்த நீர் பட்டால் கூசத்தான் செய்யும், பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டுச் சமாளிப்பதும் தவறு. படலத்துக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியாக்களை மாத்திரை எளிதில் எட்டாது. வீக்கம் இரண்டு நாள் அடங்கி, மறுபடி வரும். காரையைச் சுரண்டி எடுக்காமல் வேறு வழியில்லை.

வாய்க்கு வெளியே இருக்கும் காரணங்களையும் மறந்துவிடுகிறோம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு நோய் வேகமெடுக்கும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். கர்ப்பகாலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். அந்த நேரத்தில் பல் மருத்துவரிடமே போகக் கூடாது என்பது தவறான பயம், ஸ்கேலிங் செய்துகொள்ளலாம். வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின், அம்லோடிபின் போன்றவை சிலருக்கு ஈறைத் தடிக்கவைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் ஈறைக் காட்டுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கி, 'மூணு, ரெண்டு, மூணு' என்று உதவியாளரிடம் எண்களைச் சொல்வார். மூன்று வரை நல்லது. நான்கு, ஐந்து என்று ஏறினால் அங்கே ஈறு பை மாதிரி பிரிந்திருக்கிறது என்று அர்த்தம், பிரஷ் அங்கே போய்ச் சேராது. என் கீழ் முன்பற்களுக்கு ஐந்து சொன்னார்கள். எந்தப் பல், எத்தனை என்று கேட்டு போனில் குறித்துவைத்துக்கொண்டேன். அடுத்தமுறை அளந்தபோது மூன்று.