கடலூரில் ஆன்லைன் கிளினிக் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்சூரன்ஸை நம்பாமல் நோயாளியிடமே நேராகக் கட்டணம் வாங்கி வீடியோவில் வைத்தியம் பார்ப்பது நம் பக்கத்துக்கு ஏற்ற தொழில்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் அட்மிஷனுக்கும் ஆபரேஷனுக்கும்தான் உதவும். காய்ச்சல், சர்க்கரை என்று டாக்டரைப் பார்க்கும் செலவு பலருக்குக் கைக்காசுதான். அந்தக் காசை வாங்கும் இடத்திலேயே பலர் தவறிவிடுகிறார்கள்.

பெரிய தவறு, கட்டணத்தை வாங்கிக்கொண்டு "நேரில் போய்க் காட்டுங்கள்" என்று முடித்துவிடுவது. திட்டக்குடியில் ஒருவருக்கு வலது அடிவயிற்றில் வலி என்று வைத்துக்கொள்வோம். வயிற்றை அழுத்திப் பார்க்காமல் குடல்வால் அழற்சியா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்ல முடியாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வது சரியான வைத்தியம். ஆனால் அவர் கட்டிய 300 ரூபாய், ஆட்டோவுக்கு ஆகியிருக்க வேண்டிய காசு. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு நர்ஸ் நான்கு கேள்வி கேட்கட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல் என்றால் காசே வாங்காமல் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். நேரில் காட்ட வேண்டிய நோய் என்று பேசும்போதுதான் தெரியவந்தது என்றால் காசை அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். இந்த விதியைப் பணம் கட்டும் பட்டனுக்கு மேலேயே தமிழில் எழுதி வையுங்கள். நேரில் வரத் தயாராக இருப்பவரை வீடியோவிலேயே பார்க்கச் சொல்லி வற்புறுத்துவதை போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்ப்பதற்காக 2020 மார்ச் 25-இல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்கள் முறைகேடு என்றே சொல்கின்றன.

அதே வழிகாட்டுதல்களின்படி மருந்துச்சீட்டிலும் ரசீதிலும் டாக்டரின் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும்? பண்ருட்டி மெடிக்கல் ஷாப்பில் ஒரு அம்மா போனை நீட்டுகிறார். வாட்ஸ்அப்பில் மங்கலான போட்டோ, எண் இல்லை, கையெழுத்து பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. கடைக்காரர் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். காசும் போச்சு, மாத்திரையும் இல்லை. அப்புறம் அவர் உங்களிடம் வரமாட்டார். போதைத்தன்மையுள்ள மருந்துகளை ஆன்லைனில் எழுதவே கூடாது, எத்தனை வருடப் பழக்கமான நோயாளி என்றாலும். சாட்பாட்டை மருந்து எழுத வைப்பதற்கும் அனுமதி கிடையாது.

இன்னொன்று, பணம் கட்டுபவரையே நோயாளியாகப் பதிந்துவிடுவது. மகன் சென்னையிலிருந்து ஜிபேயில் கட்டுவார், குறிஞ்சிப்பாடியில் இருக்கும் அம்மா பேசுவார். கோப்பு மகன் பேரில், 32 வயது என்று கிடந்தால் அடுத்த முறை மருந்தின் அளவே தப்பாகிவிடும். அம்மாவின் பெயர், வயது, ஒவ்வாமை எல்லாம் தனியாக வேண்டும். சீட்டை யார் நம்பருக்கு அனுப்புவது என்றும் அவரிடமே கேளுங்கள். மகனுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் நினைக்கும் விஷயமாக இருக்கலாம்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரையை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆன்லைனில் டாக்டரைப் பார்க்க அரசு நடத்தும் இ-சஞ்சீவனி இலவசம். பக்கத்தில் புதுச்சேரியில் ஜிப்மர் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஆகவே வெறும் சீட்டுக்காக யாரும் உங்களிடம் காசு கொடுக்க மாட்டார்கள். வேலை முடிந்த மாலை நேரம், ஒவ்வொரு முறையும் அதே டாக்டர், ரிப்போர்ட்டை வரிவரியாக விளக்கும் பொறுமை, இவற்றுக்குக் கொடுப்பார்கள். ஆறு மாதப் பேக்கேஜை முதல் நாளே தலையில் கட்டாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோரத்தில் சிக்னல் போய்விடும். பேச்சு பாதியில் கட் ஆனால் சாதாரண போனில் நீங்களே திரும்பக் கூப்பிடுங்கள், இரண்டாவது கட்டணம் கேட்காமல்.