“வேண்டியது மட்டும் நல்லாக் கேட்கும்!”

காது மந்தமான பெரியவர் இருக்கிற வீட்டில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. தாத்தாவைப் பற்றி நாங்களும் சொல்லியிருக்கிறோம். அநியாயமான பேச்சு அது. வயதாகும்போது கீச்சென்ற, மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். உயிரெழுத்து காதில் விழும். க, ச, த, ப நழுவிவிடும். ‘தட்டு எங்கே’ என்றாலும் ‘பட்டு எங்கே’ என்றாலும் அவருக்கு ‘அட்டு எங்கே’தான். அமைதியான கூடத்தில் எதிரே உட்கார்ந்து பேசினால், வாயசைவைப் பார்த்து மீதியை ஊகித்துக்கொள்வார். மிக்ஸி ஓடும்போது அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால் என்ன செய்வார்?

உடனே கத்துகிறோம். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், மெய் தெளியாது. மெல்லிய சத்தம் கேட்காத அதே காதுக்குப் பெரிய சத்தம் சட்டென்று நாராசமாகிவிடும். “ஏன் கத்துறே?” என்று அவர் எரிந்துவிழுவது வீம்பல்ல. டிவியை அணைத்துவிட்டு, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று நிதானமாகப் பேசுங்கள். ‘சாவி எங்கே?’ புரியவில்லையா, அதையே நாலு தடவை சொல்லாமல், ‘பீரோ சாவியை எங்கே வெச்சீங்க?’ என்று மாற்றிக் கேளுங்கள்.

பதில் சம்பந்தமில்லாமல் வந்தால் மறதி நோய் என்று முடிவுகட்டிவிடுவதும் உண்டு. ஞாபகசக்தியைச் சோதிக்கும்போது சில சொற்களைச் சொல்லி, சற்றுக் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். காதிலேயே விழாத சொல் நினைவில் எப்படி நிற்கும்? காது மந்தம் என்று டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குறும்பி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பட்ஸும் ஹேர்பின்னும் அதை உள்ளேதான் தள்ளும்.

சிலருக்குக் காது மந்தமும் மறதியும் சேர்ந்தே இருக்கும். அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரிடம் நடந்த ‘அச்சீவ்’ ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. மூன்று வருடத்தில், மூளைத்திறன் குறையும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு காது மெஷினும் பயிற்சியும் அந்தச் சரிவை மெதுவாக்கின. மொத்தப் பேரையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. ஆக, ‘மெஷின் போட்டால் மறதியே வராது’ என்று விற்பவரை நம்ப வேண்டாம்.

மெஷின் வாங்கி டிராயரில் போடுவதுதான் எல்லாவற்றையும்விட வருத்தம். பழக வாரக்கணக்கில் ஆகும். முதல் நாளே கல்யாண மண்டபத்துக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் தினம் சிறிது நேரம் என்று தொடங்கலாம். மறதியும் உள்ளவருக்குச் சார்ஜ் செய்கிற வகை நல்லது. பட்டன் பேட்டரியை மாத்திரை என்று விழுங்கிவிடும் அபாயம் உண்டு. விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரிதான். சிவப்புக் குறி வலது காதுக்கு, நீலம் இடதுக்கு. மாட்டிவிடுகிற மருமகளுக்கும் பேரனுக்கும் இது தெரிந்திருக்கட்டும்.